மாப்பிள்ளையும் நானும் ஒட்டிய விமானம்

நான் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். பெங்களூரின் பழைய கட்டடங்களில் லிஃப்ட்டின் மெஷின் ரூம் மொட்டைமாடியில்தான் இருக்கும். பழைய விமான நிலையம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வேலை முடிந்ததும் கையிலிருக்கும் கிரீஸைத் துடைத்தபடி மாடியில் நின்று, இறங்க வரும் விமானங்களைப் பார்ப்பேன். சக்கரம் வெளியே நீளுவதுகூடத் தெரியும். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. என் மகள் அதை மறக்கவில்லை. நான் ஓய்வு பெற்றதும் நீளமான ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

உள்ளே ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்று இருந்தது. ஆனால் விமானமாக இல்லை. லேசரால் வெட்டிய பால்சா மரத்தகடுகள், கொஞ்சம் பிளைவுட், ஒரு கட்டுக் குச்சி, கம்பி, சக்கரங்கள், குட்டி மோட்டார். கூடவே மேசை முழுக்க விரிகிற வரைபடம். பால்சா என்பது மரம் என்று சொல்லிக்கொள்ளும், அவ்வளவுதான். கையில் எடுத்தால் ரஸ்க் ரொட்டி போல இருந்தது. நகம் பட்டாலே தடம் விழுந்தது. நான் பயந்துபோய்ப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மகளும் மாப்பிள்ளையும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறார்கள். அந்தக் கோடையில் அங்கே தண்ணீர்க் குழாய்களையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட ஆரம்பித்தார்கள். வேலை முடியும்வரை எங்கள் வீட்டில் இருக்கலாம் என்று இருவரும் லிங்கராஜபுரத்துக்கு வந்துவிட்டார்கள். மகள் தினமும் கம்பெனி கேபில் போய்விடுவாள். மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வேலை. காலையில் சீக்கிரம் லேப்டாப்பைத் திறந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு மூடிவிடுவார்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தூத்துக்குடிப் பக்கம். நல்ல பையன், ஆனால் என் முன்னால் உட்காரமாட்டார். நான் ஹாலுக்கு வந்தால் எழுந்து நிற்பார், டிவி சத்தத்தைக் குறைப்பார். "சாப்பிட்டீங்களா மாமா?" என்பார். "ஆச்சு மாப்ள, நீங்க?" என்பேன். "ஆச்சு மாமா." அத்தோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு வாரம் இதைப் பார்த்த மகள்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். "ரெண்டு பேரும் இத கட்டுங்க. எனக்காக கட்டுங்க," என்று சொல்லிவிட்டு கேப் ஏறிப் போய்விட்டாள்.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தோம். முதல் வேலை உடல் பகுதி. இரண்டு நீளமான பால்சாப் பக்கங்கள். அவற்றுக்கு நடுவே பிளைவுட் சட்டங்கள் வரிசையாக நிற்கவேண்டும். சட்டங்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் பக்கப் பலகைகளின் துளைகளில் போய் உட்காரவேண்டும். உட்காரவில்லை. பிளைவுட் கொஞ்சம் தடிமன், துளை கொஞ்சம் குறுகல். நான் சிரித்தேன். இதைவிட எத்தனை பார்த்திருக்கிறேன். பழைய டூல் பையிலிருந்து அரத்தை எடுத்துத் துளையை அகலமாக்க ஒரு இழுப்பு இழுத்தேன். துளையிலிருந்து விளிம்புவரை பால்சா பிளந்துவிட்டது.

இருவரும் அந்தப் பிளவைப் பார்த்தோம். "பரவால்ல மாமா, ஒட்டிரலாம்," என்றார் மாப்பிள்ளை. தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு வைத்தார். பிளவுக்குள் அது தானாக ஓடிப் பரவி, மூச்சு விடுவதற்குள் இறுகிவிட்டது. அவர் விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க என் மனைவி வெந்நீர் கொண்டுவந்தாள்.

அன்று ஒரு பாடம் படித்தோம். துளை பால்சா, காது பிளைவுட். பலவீனமானதை வெட்டக்கூடாது, கெட்டியானதைத் தேய்த்துக் குறைக்கவேண்டும். ஒரு மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி, காதை இரண்டு தடவை தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்து, ஒவ்வொரு சட்டமாக உட்காரவைத்தோம். லிஃப்ட்டில் ஒரு சாமான் பொருந்தவில்லை என்றால் நான்கு பேர் சேர்ந்து அழுத்துவோம். இங்கே அழுத்தினால் போச்சு. என் கைக்கு அது பழக இரண்டு மூன்று மத்தியானங்கள் பிடித்தன.

நடுச் சட்டம் ஒன்று மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் விமானம் மேலிருந்து பார்க்கக் கர்ப்பிணிப் பூனை போல இருந்திருக்கும். அதையும் தேய்த்தோம். மோட்டார் பொருத்தும் முன்பலகையில் இருந்த துளைகளும் மோட்டாரின் துளைகளும் ஒன்றோடொன்று பேசவேயில்லை. மாப்பிள்ளை தோசை புரட்டுவது மாதிரி அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் சேரவில்லை. கடைசியில் மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்துப் பழைய துளைகளை அடைத்து, சீவி, புதிய இடத்தில் துளை போட்டோம். நன்றாக நின்றது.

பேச்சும் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் எல்லாம் பொருளைப் பற்றித்தான். "அந்த உப்புத்தாள் குடுங்க மாப்ள." "நைஸா, முரடா மாமா?" "நைஸ்." நான் எது சொன்னாலும் "சரி மாமா" என்றார். எனக்கு அது பிடித்தும் இருந்தது. முப்பது வருஷம் டெக்னீஷியன்களோடு மல்லுக்கட்டியவனுக்கு, சொன்னவுடன் சரி என்று ஒருவர் சொல்வது சுகம்தானே.

பெரிய தொந்தரவு இறக்கையில் வந்தது. எங்கள் விமானத்துக்கு இறக்கை உடலின் மேலே ஒரு இருக்கையில் உட்காரும். பின்னால் வாலின் படுக்கைப் பலகை தன் துளையில் போய் உட்காரும். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நேராக இருக்கவேண்டும். பசை போடாமல் இரண்டையும் வைத்துப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். வாலுக்கு இறக்கை நேராக இல்லை; இடது பக்கம் தூக்கலாக இருந்தது.

"இறக்கை உக்கார்ற எடம்தான் மாப்ள கோணலா வெட்டியிருக்கான். எடது பக்கத்த தேச்சிரலாம்."

அவர் தன் ஃபோனை மேசையில் வைத்து எதையோ பார்த்தார். இறக்கை மேல் வைத்துப் பார்த்தார். வால் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி மாமா," என்றார்.

தேய்த்தேன். அடுத்த நாளும் தேய்த்தேன். கடைசியில் இறக்கையும் வாலும் ஒன்றுக்கொன்று மட்டமாக வந்தன. மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை போட்டு வாலை நிறுத்தினேன். விமானத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு, இருவரும் காபி டம்ளரோடு நாற்காலியில் சாய்ந்தோம். மாப்பிள்ளை அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதைக்கூடக் கவனித்தேன்.

என் மனைவி பீன்ஸ் நறுக்க மேசையில் இடம் தேடி வந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விமானத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஏன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?"

"எங்க சாஞ்சிருக்கு? நேராத்தான் இருக்கு."

"ஒடம்பு நேரா இருக்கு. மேல இருக்கிறது எல்லாம் எடது பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க. தொப்பிய கோணலா வெச்ச மாதிரி."

முன்னால் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இறக்கையும் வாலும் தங்களுக்குள் ஒற்றுமையாக, உடலுக்கு மட்டும் கோணலாக இருந்தன. தவறு இறக்கையில் இருந்ததே இல்லை. வாலின் துளைதான் வலது பக்கம் முடி அளவு மேலே வெட்டப்பட்டிருந்தது. அந்த இடம் குறுகல். அங்கே முடி அளவு தவறினால் நுனியில் அது விரல் அளவு ஆகிவிடும். கோணலான வாலைச் சரி என்று நம்பி, சரியாக இருந்த இருக்கையை நான் தேய்த்துக் கெடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ பொறி தட்டியது.

"மாப்ள, அன்னிக்கு ஃபோன்ல என்ன பாத்தீங்க?"

"ரசமட்டம் மாமா. ஃபோன்லயே இருக்கு."

"என்ன காமிச்சுது?"

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இறக்கை சரியாத்தான் இருந்துச்சு. வாலுதான் சாஞ்சிருந்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"ரெண்டு நாளு தேச்சேனே மாப்ள. பக்கத்துல நின்னு தூள ஊதி விட்டுட்டு இருந்தீங்களே."

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்கல்லா. மாமா கிட்ட எப்படித் தப்புன்னு சொல்லுதது."

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். மெயின் ரோடு வரை நடந்து பேக்கரியில் ஒரு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் கோபம் யார் மேல் என்று குழம்பிவிட்டது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு டெக்னீஷியன் தவறைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் நான் என்ன செய்வேன்? கத்தியிருப்பேன். ஆனால் என் டெக்னீஷியன்கள் சொல்லுவார்கள். "சார், நீங்க சொல்றது ஆகாது," என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். பதினைந்து மாடிக் கட்டடத்தில் மரியாதை பார்த்துக்கொண்டு நின்றால் ஆபத்து. இந்தப் பையனுக்கு நான் சார் இல்லை, மாமா. அவருடைய ஊரில் மாமனார் என்றால் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைக்கிற ஆள். அந்த ஆளிடம் போய், "உங்கள் கண் கோணல்" என்று எப்படிச் சொல்வார்? அது மட்டுமில்லை. அவர் ஃபோனைப் பார்த்தபோது என்ன பார்க்கிறீர்கள் என்று நானும்தான் கேட்கவில்லை.

இன்னொரு டீயைப் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தண்டனை என்று நினைத்து அவரே எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

"இந்தாங்க டீ. இனிமே ஒரு விஷயம். பசை போடறதுக்கு முன்னாடி, நான் ஒரு தடவ பாத்து சொல்வேன், நீங்க ஒரு தடவ பாத்து சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லணும். இல்லன்னா இந்த பிளேன் மேல போகாது, யார் தலையிலயாவது போய் விழும்."

"சரி மாமா."

"இந்த சரி மாமாதான் வேணாம்ங்கிறேன்."

அவர் சிரித்தார். இரண்டு நிமிஷம் கழித்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, வால் பசை இன்னும் முழுசா காயல. இப்ப பிரிச்சா நல்லா வரும். நீங்க டீ குடிக்கப் போனது தப்பு," என்றார்.

பிளேடை நுழைத்து வாலைப் பிரித்தோம். உயர்ந்திருந்த துளையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி, மேலே விழுந்த இடைவெளியை பால்சாச் சீவல் வைத்து அடைத்தோம். நான் கெடுத்த இறக்கை இருக்கையில் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டி உயரம் கூட்டினோம். அதைச் சரியான வளைவுக்குக் கொண்டுவர மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். உப்புத்தாளை இறக்கையின் அடியிலேயே ஒட்டிவைத்து, இறக்கையை அதன் இருக்கையில் வைத்து முன்னும் பின்னும் லேசாக அசைத்தார். இறக்கை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே செதுக்கிக்கொண்டது. கடைசியில் உப்புத்தாளை எடுத்துவிட்டு வைத்தபோது 'டப்' என்று ஒரு மெல்லிய சத்தத்தோடு உட்கார்ந்தது. விளக்கு வெளிச்சம்கூட நடுவில் புகவில்லை. இருவரும் மாறிமாறி அதைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வாய் திறந்துவிட்டது. விமானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "இல்ல மாமா, அது தப்பு," என்று முதல்தடவை அவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஹென்னூர் போக எந்த ரோடு நல்லது என்பதில் சண்டை. மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கவேண்டுமா என்பதில் சண்டை. மகள் வேலையிலிருந்து வந்து, "ஏம்மா, இவங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "அப்பாவ எதுத்து பேசறதுக்கு அப்பாவே பர்மிஷன் குடுத்துட்டாரு," என்றாள் என் மனைவி.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று இல்லை. சக்கரத்துக் கம்பி அடிப்பலகையின் பள்ளத்தில் இறங்கவில்லை. பள்ளத்தை ஆழமாக்கலாம் என்றேன். "அமுக்கினா போயிரும் மாமா, என்ன நம்புங்க," என்று கட்டைவிரலால் அமுக்கினார். பிளைவுட் 'படக்' என்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் சூப்பர் க்ளூவை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மரவேலை முடிந்ததும் மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தவேண்டும். சூடு பட்டால் சுருங்கி இழுத்துப் பிடிக்கிற தாள். அதற்கு என் மனைவியின் இஸ்திரிப்பெட்டியைக் கேட்டோம். "என் பட்டுப்புடவையில பசை ஒட்டுச்சுன்னா ரெண்டு பேரையும் அந்த பிளேன்லயே ஊருக்கு அனுப்பிடுவேன்," என்று சொல்லிக் கொடுத்தாள். மஞ்சள் தாள். சுருக்கமெல்லாம் இஸ்திரிப்பெட்டி போகப்போக மறைந்து, இறக்கை மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. நாங்கள் ஒட்டியதும் ஒட்டுப்போட்டதும் உள்ளே இருந்தன. வெயிலில் தூக்கிப் பிடித்தால் மட்டும் தாளுக்கு அடியில் நிழலாகத் தெரிந்தன.

ஒரு சனிக்கிழமை காலை நால்வரும் காரில் கிளம்பினோம். பொம்மசந்திரா தாண்டி உள்ளே போனால், வீடு கட்டாத லேஅவுட் ஒன்றின் ஓரத்தில் ஒரு மைதானம் இருக்கிறது. மாதிரி விமானம் விடுகிறவர்கள் உரியவர்களிடம் சொல்லிவைத்து அங்கே கூடுவார்கள். எங்களுக்குப் பறக்கவிடத் தெரியாது. முதல் தடவை அங்கே இருக்கும் ஒரு பெரியவர் பறக்கவிட்டுத் தருவதாக மாப்பிள்ளை ஃபோனில் பேசி வைத்திருந்தார். அவர் கன்னடக்காரர். விமானத்தை வாங்கி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, மூக்கு கொஞ்சம் தாழ்வதைப் பார்த்துத் தலையாட்டினார். பின்னால் போய்க் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"செனாகிதே," என்றார். நன்றாக இருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு அவ்வளவு கன்னடம் வந்திருந்தது, முகம் மலர்ந்துவிட்டது.

தரையில் வைத்து ஓடவிட்டார். புல் கட்டைகளில் குதித்துக் குதித்து ஓடியது; பிறகு குதிப்பது நின்றுவிட்டது. மேலே போய்விட்டது என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. மஞ்சள் இறக்கை வெயிலைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. "ஸ்வல்ப எடக்கே எளீத்தாயிதே," என்றார் பெரியவர். கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. ரிமோட்டில் எதையோ இரண்டு தட்டுத் தட்டினார். அதோடு நேராகப் போனது.

நல்ல உயரம் போனதும் ரிமோட்டை என் கையில் கொடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் அடித்தேன். என் கைகள் செய்து பார்த்த எதுவும் இவ்வளவு லேசாக எனக்குக் கீழ்ப்படிந்ததில்லை. மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் ஒரு வட்டம் அடித்துவிட்டு, "மாமா, நீங்க ரொம்ப அகலமா திருப்புனீங்க," என்றார். மகள் தன் துப்பட்டாவைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தாள்; அந்த நிழலுக்குள் ஒட்டி நின்றுகொண்டு என் மனைவி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்குவதைப் பெரியவர்தான் செய்தார். தரை தொட்டு ஓடி வரும்போது சக்கரம் ஒரு குழியில் மாட்டி, விமானம் மூக்கு குத்தியது. மூக்கிலிருந்த விசிறி உடைந்தது. ஓடிப்போய் எடுத்தோம். இறக்கை, வால், மோட்டார்ப் பலகை எதுவும் அசையவில்லை. மாப்பிள்ளை அமுக்கி உடைத்து ஒட்டிய அடிப்பலகைகூடத் தாங்கியிருந்தது. விசிறிக்கு மாற்று பெட்டியிலேயே ஒன்று இருந்தது.

திரும்பும்போது வழியில் ஒரு ஹோட்டலில் தட்டை இட்லி சாப்பிட்டோம். நான் ஓட்டிய கார் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டது. விமானத்தின் உடல் டிக்கியில் இருந்தது. இறக்கை பிரிக்கமுடியாத ஒரே துண்டு என்பதால், பின்சீட்டில் என் மனைவியும் மகளும் அதை ஜன்னலுக்கு ஜன்னல் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அசையமுடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கு அரித்தால்கூட ஒருவரைக் கேட்டுத்தான் மற்றவர் கையை எடுத்தார்கள். பக்கத்தில் பைக்கில் நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனு சார் இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கி, "விமானா சார். நாவே மாடிதீரு," என்றார்.

"மாடித்து மாப்ள. நாவே மாடித்து," என்று திருத்தினேன். நாங்களே செய்தது என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சரி.

"அவருக்குப் புரிஞ்சிருச்சு மாமா. சிக்னல் விழுந்துட்டு, நீங்க ரோட்டப் பாருங்க."

நான் கியரைப் போட்டேன்.